செக்ரோலில் ஏறாத எடை

கம்பத்தில் காலை ஆறு மணிக்கு ஜீப் ஏறினால் லோயர் கேம்ப், குமுளி தாண்டி ஏழரை மணிக்குள் அணக்கரைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் இருப்போம். பதினோரு வருஷமாக என் பாதை அதுதான். மற்ற பெண்கள் காய் எடுக்கப் போவார்கள், நான் கணக்கு எழுதப் போவேன். காலையில் செக்ரோல் (யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்ற பதிவு) போடுவது, சாயங்காலம் எடுத்த காயை எடை போட்டு எழுதுவது, சனிக்கிழமை சம்பளம் கொடுப்பது எல்லாம் என் பொறுப்பு. மொத்தம் 41 பேர். யார் பெயரைச் சொன்னாலும் அந்த வாரம் எத்தனை நாள் வந்தாள், எத்தனை கிலோ எடுத்தாள், முன்பணம் எவ்வளவு வாங்கியிருக்கிறாள் என்று நோட்டைத் திறக்காமலே சொல்லிவிடுவேன். 'கணக்கக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி மாதம் ஒரு நாள். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. எடை போடும் இடத்தில் எல்லோரும் ஒரே கொட்டகைக்குள் நெருக்கி நின்றார்கள். கங்காணி தராசில் சாக்கைத் தொங்கவிட்டு எடையைச் சத்தமாகச் சொல்வார், நான் எழுதுவேன். அதே நேரத்தில் ஒருத்தி மகள் ஃபீஸுக்கு முன்பணம் கேட்டாள். இன்னொருத்தி மறுநாள் வரமாட்டேன் என்றாள். தகரத்தில் மழைச் சத்தம். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பேனா ஓடிக்கொண்டேதான் இருந்தது.

மறுநாள் காலை பேச்சி (பெயரை மாற்றியிருக்கிறேன்) நோட்டைப் பார்த்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். "என்னக்கா, நேத்து பதினேழரைன்னு கங்காணி சத்தம் போட்டுச் சொன்னாரு. நீங்க ஒம்பதரைன்னு எழுதியிருக்கீங்க. நான் எடுத்த காயி எங்கக்கா போச்சு?"

குறிப்பிட்ட கிலோவுக்கு மேல் எடுத்தால்தான் கூடுதல் காசு. அவளுக்கு அந்த எட்டுக் கிலோ பெரிய விஷயம். கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. ஏனென்றால் 'பதினேழரை' என்ற சொல்லை நான் கேட்ட ஞாபகமே இல்லை. கேட்டு மறந்திருந்தால் "ஆமாம்ல" என்று எங்காவது ஒரு மூலையில் தட்டுப்படும். எனக்கு ஒன்றுமே தட்டுப்படவில்லை. கங்காணியும் இன்னும் இரண்டு பேரும் சொன்ன பிறகுதான் திருத்தினேன். அன்று முழுக்க என் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

இதை எழுதுவதற்கு முக்கியக் காரணம் அந்தப் பதினேழரைதான். எம்.எஸ். என்ற நோய் எனக்கு இருப்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. ஆரம்பக் கட்டத்திலேயே அது புத்தியின் வேகத்தைத் தொடும் என்று யாராவது எனக்குச் சொல்லியிருந்தால், ஒன்றரை வருஷம் என்னை நானே குற்றம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்க மாட்டேன்.

முதலில் நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, மூளையிலும் தண்டுவடத்திலும் கண் நரம்பிலும் உள்ள நரம்பிழைகளின் மேலுறையைத் தாக்குகிறது. மயலின் என்று அந்த உறைக்குப் பெயர். பெரும்பாலும் 20 வயதிலிருந்து 40 வயதுக்குள் தலைகாட்டும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். தொற்று நோய் கிடையாது. வந்து, அடங்கி, மறுபடி வரும் வகைதான் ஆரம்பத்தில் அதிகம். எனக்கும் அதுதான்.

உறை போன நரம்பில் செய்தி நின்றுவிடுவதில்லை, மெதுவாகிறது, சில சமயம் சுற்றி வருகிறது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது எளிதாகப் புரியும். லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி ஏறும் மலைப்பாதையில் மண் சரிந்தால் குமுளிக்குப் போகும் வண்டிகளைக் கம்பம் மெட்டு வழியாகத் திருப்புவார்கள். குமுளிக்குப் போய்ச் சேர்ந்துவிடுவோம். ஆனால் நேரம் கூடும், அலுப்பும் கூடும், எல்லா வண்டியும் அந்த வழியில் வந்தால் நெரிசலும் சேரும். என் தலைக்குள் நடப்பது அதுதான் என்று பின்னால் எனக்கு விளக்கியபோது, நான் மனதில் போட்டுக்கொண்ட படம் இந்தப் பாதைதான்.

நோய் என் கண்ணில்தான் முதலில் தொடங்கியது. பேச்சி விஷயத்துக்கு ஒரு வருஷம் முன்னால், வலது கண்ணை அசைத்தால் வலி. இரண்டு நாளில் பார்வையில் புகை மூட்டம். சிவப்பு நிறம் வெளுத்துத் தெரிந்தது. கண் டாக்டர் ஒருவர் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார். அம்மா என்னை வீரபாண்டிக்குக் கூட்டிப்போனார். கௌமாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் கண்ணீஸ்வரமுடையார் கோயில் இருக்கிறது, அங்கே வேண்டித்தான் வீரபாண்டிய மன்னனுக்குக் கண் தெரிந்தது என்பது எங்கள் பக்கத்து ஐதீகம். முல்லையாற்றில் குளித்து வேண்டிக்கொண்டோம். ஐந்தாறு வாரத்தில் பார்வை திரும்பியது. அம்மாவின் நம்பிக்கையை நான் மதிக்கிறேன், இன்றும் சித்திரைத் திருவிழாவுக்குப் போகிறேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கண் நரம்பு வீக்கம் பலருக்குச் சில வாரங்களில் தானாகவே தெளியும். தெளிந்ததால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. கண்ணை அசைத்தால் வலியும் பார்வை மங்கலும் சேர்ந்து வந்தால், சரியான பிறகும் நரம்பு மருத்துவர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள். நான் பார்க்கவில்லை.

கண்ணுக்குப் பிறகு ஒரு வருஷத்தில் மெல்ல மெல்ல வந்தவற்றை யாரும் நோயாக எண்ணவில்லை, நானும் எண்ணவில்லை. வீட்டில் என் கணவர் ஒன்று சொல்வார், நான் செய்திருக்க மாட்டேன்.

"நீங்க சொல்லவே இல்ல."

"சொன்னேன். நீயும் சரின்னு தலையாட்டுன."

இந்த இரண்டு வரி எங்கள் வீட்டில் எத்தனை இரவு சண்டையாக முடிந்திருக்கிறது என்று கணக்கில்லை. அவர் ஜீப் ஓட்டுகிறவர். ஆட்களைத் தோட்டத்துக்கு ஏற்றிப்போவதும் அவர் வண்டிதான். நாள் முழுக்க மலை ஏறி இறங்கிவிட்டு வருகிற மனிதருக்கு, மனைவி தன் பேச்சைக் காதில் வாங்குவதில்லை என்று தோன்றினால் அதில் தப்பில்லை. எனக்கும் நான் சொல்வதுதான் உண்மை. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்பது அப்போது இரண்டு பேருக்கும் தெரியாது.

அப்புறம் வார்த்தை. இதை எல்லையோரத்து ஆட்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். எங்கள் பக்கம் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்துதான் வரும். ஒரு சொல் வராவிட்டால் மற்றதில் சொல்லிவிட்டுப் போவோம். அதனால் எனக்குச் சொல் தடுக்கியதை யாரும் கவனிக்கவில்லை. ஒரு நாள் ஸ்டோர் ரூம் கதவு முன்னால் நின்றுகொண்டு பையனிடம் ஒன்று கேட்க வேண்டும். 'சாவி' வரவில்லை. 'தாக்கோல்' என்பதும் வரவில்லை. கையைத் திருகிக் காட்டினேன். அவன் எடுத்துக் கொடுத்துவிட்டான், சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டான். இரண்டு மொழியிலும் ஒரே சமயத்தில் அது இல்லாமல் போனதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பேச்சி விஷயம் நடந்து இரண்டு மாதத்தில் இடுப்பிலிருந்து மேலே நெஞ்சைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்கியது போல ஒரு பிடிப்பு, இடது கால் மரப்பு. மதுரையில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மூளையிலும் கழுத்துத் தண்டுவடத்திலும் வெள்ளைப் புள்ளிகள். முதுகு நீர் எடுத்துப் பார்த்தார்கள், எம்.எஸ். போலவே தோன்றும் வேறு நோய் இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்த்தார்கள். ஐந்து நாள் ஸ்டீராய்டு ஊசி, நாளைக்கு 1 கிராம். கால் மரப்பு பெரும்பாலும் போய்விட்டது. பிறகு நோய் திரும்பி வராமல் தடுக்கும் நீண்டகால மருந்து தொடங்கினார்கள்.

அதற்கடுத்த சந்திப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நடந்து காட்டினேன், நேர்க்கோட்டில் நடந்தேன், கண்ணை மூடி நின்றேன், மூக்கைத் தொட்டேன். "ரொம்ப நல்லா இருக்கீங்க" என்றார் மருத்துவர். "கணக்கு முன்ன மாதிரி வரல, சார்" என்றேன். "வீட்டுக் கவலை அதிகமா இருக்கும். எல்லாத்தையும் யோசிக்காதீங்க" என்றார். கெட்ட மனிதர் அல்ல. வெளியே அறுபது பேர் காத்திருந்தார்கள். ஆனால் நடை சரியாக இருந்தால் எல்லாம் சரி என்ற பழக்கம் இந்த நோயில் ஆழமாக ஊறிப்போயிருக்கிறது. உடல் ஊனத்தை 0 முதல் 10 வரை அளக்கும் குர்ட்ஸ்கே அளவுகோல் 1983-இல் வந்தது, இன்றும் உலகம் முழுக்க அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. அதன் பாதிக்கு மேல் உள்ள எண்கள் எவ்வளவு தூரம் நடக்கிறோம் என்பதை வைத்தே விழுகின்றன. பதினேழரை காதில் ஏறாததை அது எப்படி அளக்கும்?

புத்தியில் வரும் மாற்றம் புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1868-இல் பாரிஸில் இந்த நோயை முறையாக விவரித்த மருத்துவர் ஷார்கோ, நினைவு மங்குவதையும் எண்ணம் உருவாக நேரமெடுப்பதையும் தன் பாடங்களிலேயே குறித்து வைத்தார். இன்றைய ஆய்வுகளின்படி எம்.எஸ். உள்ளவர்களில் 40 முதல் 65 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது இருக்கிறது. முதல் தாக்குதலோடு இருப்பவர்களிடமும் காணப்படுகிறது. காலில் வரும் பாதிப்போடு இது சேர்ந்தேதான் வளர வேண்டும் என்றில்லை. நன்றாக நடப்பவருக்கும் இருக்கலாம்.

திருவனந்தபுரத்தில் வேறொரு மருத்துவரைப் பார்த்தபோதுதான் நான் சொன்னதை எழுதிக்கொண்டு, நரம்பு உளவியல் நிபுணர் ஒருவரிடம் அனுப்பினார். அந்தப் பரிசோதனையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். போகிறவர்களுக்குப் பயம் குறையும்.

ஒரு தாள். மேலே ஒன்பது குறிகள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒன்றிலிருந்து ஒன்பது வரை ஓர் எண். அதற்குக் கீழே வரிசை வரிசையாகக் குறிகள் மட்டும். எண் இருக்காது. ஒவ்வொரு குறியையும் பார்த்து, மேலே தேடி, அதற்குரிய எண்ணை வாயால் சொல்ல வேண்டும். 90 விநாடி. அவ்வளவுதான். எண் என் தொழில், இதில் எனக்கென்ன என்று உட்கார்ந்தேன். முதல் வரி ஓடியது. இரண்டாவது வரியில் ஒவ்வொரு குறிக்கும் மேலே போய்த் திரும்பி வர வேண்டியிருந்தது. பார்த்த குறியையே மறுபடி தேடினேன். மேஜை மேல் இருந்த கடிகாரத்தின் சத்தம் பெரிதாகக் கேட்டது. நிறுத்தச் சொன்னபோது 34 சொல்லியிருந்தேன். தப்பு ஒன்றுகூட இல்லை. "தப்பே விடல, பார்த்தீங்களா?" என்றார் அந்த நிபுணர் அம்மா. "உங்க வயசுக்கும் படிப்புக்கும் வேகம்தான் குறைவா இருக்கு."

அடுத்து 16 சொற்களை வாசித்து, திருப்பிச் சொல்லச் சொன்னார். ஐந்து தடவை அதே பட்டியல். மலையாளத்தில் தொடங்கினார். நான் மலையாளம் நன்றாகவே பேசுவேன், ஆனாலும் "தமிழில் வைக்க முடியுமா?" என்று கேட்டேன். தமிழ் தெரிந்த ஒருவரை வரவழைத்து வாசிக்க வைத்தார். முதல் தடவை நான்கு சொல்தான் திரும்பி வந்தது. ஐந்தாவது தடவை பதினொன்று. அரை மணி நேரம் வேறு வேலை கொடுத்துவிட்டு, திடீரென்று அந்தப் பட்டியலைக் கேட்டார். பத்து சொன்னேன்.

அப்போது அவர் சொன்னதைத் தோட்டத்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் அன்றே எழுதி வைத்தேன். "பதினொண்ணு ஏறுச்சு, பத்து தங்கியிருக்கு. உங்களுக்கு மறதி கிடையாது. ஏறுறதுக்குத்தான் நேரம் வேணும், திரும்பத் திரும்ப வேணும்."

கணக்கு எழுதுகிறவளுக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. செக்ரோலில் எழுதாத பெயரைச் சனிக்கிழமை எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. தேடுவதில் குறை இல்லை, எழுதும் நேரத்தில்தான் தவறியிருக்கிறது. நான் ஒன்றரை வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தேன். "யோசி, நல்லா யோசி" என்று வீட்டில் எல்லோரும் தேடச் சொன்னார்கள். கவனிக்க வேண்டியது உள்ளே போகிற வழியை.

அதற்கப்புறம் நான் செய்த மாற்றங்கள் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்திலிருந்து வந்தவை.

எடைக் கொட்டகையில் ஒரு நேரத்தில் ஒரு வாய்தான் பேச வேண்டும். முன்பணம், லீவு, மகள் ஃபீஸ் எல்லாம் எடை முடிந்த பிறகு. எடையைக் கங்காணி சொன்னதும் காய்க்கு உரியவளும் சொல்ல வேண்டும், நானும் ஒரு முறை சொல்லிவிட்டு எழுதுவேன். மூன்று வாயில் ஒரே எண் வந்தால் அது எனக்குள் ஏறிவிடுகிறது. எழுதியதை அவளே பார்த்துவிட்டுப் போவாள். வீட்டிலும் இதே முறைதான். அவர் ஒன்று சொன்னால் தலையாட்ட மாட்டேன். "வியாழக்கிழமை கேஸ் வருது, காசு டப்பால இருக்கு" என்று திருப்பிச் சொல்வேன். முதலில் அவருக்கு இது பள்ளிக்கூடம் போலத் தோன்றியது. சண்டை குறைந்ததும் அவரே "திருப்பிச் சொல்லு" என்று நிற்க ஆரம்பித்தார். டி.வி. ஓடும்போது முக்கியமான எதையும் பேசுவதில்லை என்று மகள் ஒரு சட்டம் போட்டாள். ஒன்பது வயது. இந்த வீட்டில் இதை முதலில் முழுதாகப் புரிந்துகொண்டவள் அவள்தான்.

சம்பளக் கணக்கை முன்பெல்லாம் சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து ஒரே மூச்சில் முடிப்பேன். இப்போது தினமும் காலையில், செக்ரோல் போட்டு முடித்ததும், முந்தைய நாள் கணக்கை மட்டும் கூட்டி மூடிவிடுகிறேன். காலையில் அரை மணி நேரத்தில் முடிவது சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் இழுக்கும். சோர்வு இந்த நோயின் பெரிய பங்கு. தூங்கி எழுந்தால் போகிற களைப்பு போல இருக்காது, தலைக்குள் மாவு கரைத்து ஊற்றியது போல இருக்கும். அந்த நேரத்தில் கணக்கைத் தொடுவதே இல்லை.

வெயிலும் சூடும் தனி. உடம்புச் சூடு கொஞ்சம் ஏறினாலே எம்.எஸ். அறிகுறிகள் தற்காலிகமாகக் கூடும். 1890-இல் ஊட்ஹோஃப் என்ற ஜெர்மன் மருத்துவர் கண்ணை வைத்து இதைக் குறித்ததால் அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள். கம்பத்தில் சித்திரை வெயிலில் நான் மந்தமாவதும், குமுளி ஏறினால் தெளிவதும் எனக்கே தெரிந்திருந்தது, காரணம்தான் தெரியவில்லை. ஆனால் ஒன்று மட்டும் பிடிபடாமலே இருந்தது. குளிர்ந்த மலையில் உட்கார்ந்திருந்தும் மத்தியானம் ஏன் புத்தி மங்குகிறது? ஒரு நாள் மகள் கூட வந்திருந்தபோது, "அம்மா, உன் ரூம் ஏன் இவ்ளோ சூடா இருக்கு?" என்றாள். என் மேஜை காய் உலர்த்தும் ஸ்டோரின் சுவரை ஒட்டிக் கிடந்தது. எடுப்புக் காலத்தில் அந்த ஸ்டோரில் இரவும் பகலும் சூடு ஏற்றி வைத்திருப்பார்கள். இத்தனை வருஷமாக அந்தச் சுவரில்தான் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தேன், குளிருக்கு இதமாக இருக்கிறது என்று. மேஜையை வராந்தாவுக்கு மாற்றினோம். எந்த மாத்திரையும் செய்யாத வேலையை அது செய்தது. உங்கள் இடத்தில் எது சூடு என்று ஒரு முறை சுற்றிப் பாருங்கள். சமையலறையாக இருக்கலாம், தையல் கடையின் தகரக் கூரையாக இருக்கலாம்.

முதலாளி வீட்டில் சொல்வதா வேண்டாமா என்று மூன்று மாதம் யோசித்தேன். சொன்னால் வேலை போய்விடும் என்று அம்மா அழுதார். கடைசியில் முதலாளியின் மனைவியிடம் சொன்னேன், சேச்சி என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். நோயின் பெயரிலிருந்து தொடங்கவில்லை. பதினேழரை விஷயத்தைச் சொன்னேன், இனி எடையை இப்படி எழுதலாமா, மேஜையை மாற்றலாமா, தினமும் கணக்கை மூடலாமா என்று கேட்டேன். பிறகுதான் நோயைச் சொன்னேன். சேச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. "மோளே, நீ பறஞ்சது நல்லதாச்சு. எனக்குக் கணக்கு சரியா வந்தா மதி (போதும்). அரை மணிக்கூர் கூடுனா கூடட்டும்" என்றார். எல்லோருக்கும் இப்படி ஒரு முதலாளி கிடைப்பார் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் குறையை மட்டும் கொண்டுபோகாமல், அதைச் சமாளிக்கும் வழியையும் கையில் எடுத்துக்கொண்டு போனது எனக்கு உதவியது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. அடையாள அட்டை நாடு முழுக்கச் செல்லும். தமிழ்நாட்டில் வீடும் கேரளத்தில் வேலையுமாக இருக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு அது முக்கியம்.

மூளை மந்தமாவது எல்லாமே நோயால் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எனக்கு பி12 குறைவாக இருந்தது, தைராய்டும் பார்த்தார்கள். இரவில் நான்கு தடவை சிறுநீர் கழிக்க எழுந்தால் தூக்கம் எங்கே? அதற்குக் கொடுத்த மாத்திரையில் ஒரு வகை, புத்தியையே மந்தமாக்கக் கூடியதாம். மருத்துவரிடம் சொல்லி வேறு மாத்திரைக்கு மாறினேன். நீங்களாக எதையும் நிறுத்தக் கூடாது. மனச்சோர்வும் அப்படித்தான். எனக்கு இருந்தது, சிகிச்சை எடுத்தேன், வெட்கப்படவில்லை. இவற்றையெல்லாம் சரிசெய்தால் மூளையில் மிச்சமிருக்கும் வேகம் முழுதாகக் கைக்கு வருகிறது.

ஞாபகசக்தி லேகியம், மாத்திரை என்று விற்பவர்கள் பலர் என் வீட்டுக்கு வந்தார்கள், சொந்தக்காரர்களே கொண்டுவந்தார்கள். எம்.எஸ்.ஸால் வரும் இந்த மந்தத்தை மாத்திரை போட்டுச் சரிசெய்யலாம் என்று இன்னும் எதுவும் நிரூபணமாகவில்லை. நோயைத் தடுக்கும் மருந்தை விடாமல் எடுப்பது, நடப்பது, தூங்குவது, புதியதைக் கற்கும்போது கதையாகக் கோத்துக்கொள்வது, இவைதான் என்னிடம் இருப்பவை. கதை என்றால் பெரிய விஷயம் இல்லை. சந்தைக்குப் பட்டியலில்லாமல் போக நேர்ந்தால், தேங்காய், விளக்குத் திரி, பேனா, வெங்காயம் என்று தனித்தனியாக ஓட்டமாட்டேன். பாட்டி தேங்காய் உடைத்து, விளக்கேற்றி, அந்த வெளிச்சத்தில் பேனா எடுத்து எழுதும்போது வெங்காயம் உரித்த கை கண்ணில் பட்டு அழுகிறாள் என்று ஒரு காட்சி. மனக்கண்ணில் பாட்டியைப் பார்த்தால் நான்கும் வந்துவிடும். நியூஜெர்சியில் எம்.எஸ். உள்ளவர்களிடம் இந்த முறையைச் சோதித்துப் பார்த்து, 2013-இல் பலன் இருப்பதாக வெளியிட்டார்கள். அந்த நிபுணர் அம்மா சொல்லிக் கொடுத்தது இதுதான்.

நடந்துகொண்டே போனில் பேசுவதை விட்டுவிட்டேன். குமுளி செக்போஸ்ட் பக்கம் ரோட்டைக் கடக்கும்போது போனில் பதில் சொல்லப் போய்க் கால் தடுக்கி விழுந்தேன். நடையும் பேச்சும் ஒரே நேரத்தில் மூளையைக் கேட்டால், இரண்டும் குறைகின்றன. ஸ்கூட்டரை ஊருக்குள், காலையில் மட்டும் எடுக்கிறேன். மலைப்பாதையில் எடுப்பதில்லை.

சொந்தக்காரர்கள் நடுவில் வைத்து "நேத்து என்ன சாப்பிட்ட, சொல்லு பார்ப்போம்" என்று சோதிப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பதில் சரியாக வந்தாலும் அந்த இடத்தில் மனசு உடைந்துவிடுகிறது.

பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். நோய் தெரிந்தவுடனே ஒரு முறை அளந்து வைத்துக்கொள்ள வேண்டும், பிறகு வருஷத்துக்கு ஒரு முறை என்பது அமெரிக்கத் தேசிய எம்.எஸ். சங்கத்தின் 2018 பரிந்துரை. குறையே தெரியாவிட்டாலும் கேட்டு வாங்குங்கள். பின்னால் ஒப்பிட உங்கள் எண்ணே உங்களுக்கு வேண்டும். அந்தக் குறியும் எண்ணும் சோதனையில் நான்கு எண் குறைந்தாலே மருத்துவர்கள் கவனிக்கிறார்கள். அடுத்தது, நோய் தாக்கிக்கொண்டிருக்கும் சமயத்திலோ, ராத்திரி முழுக்க பஸ்ஸில் விழித்துக்கொண்டு போய் இறங்கிய காலையிலோ அந்தச் சோதனையில் உட்காராதீர்கள். நான் இப்போது முந்தைய நாளே போய்த் தங்கிவிடுகிறேன். இரண்டாவது வருஷம் 39 சொன்னேன். தூங்கிப் போனதும் அதில் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

போகும்போது ஒரு தாள் கொண்டுபோகிறேன். 'மறதி' என்று அதில் எழுதுவதில்லை, நடந்ததை எழுதுகிறேன். சம்பளக் கணக்குக்கு முன்பு எவ்வளவு நேரம், இப்போது எவ்வளவு, எந்தச் சொல் வரவில்லை, எந்த மணிக்கு, அன்று எத்தனை மணி நேரம் தூங்கினேன். அந்த மாதிரித் தாளைப் பார்த்தால் மருத்துவர் "கவலைப்படாதீங்க" என்று அனுப்ப மாட்டார். என் கணவரையும் ஒரு முறை கூட அழைத்துப்போனேன். தலையாட்டல் விஷயத்தை அவர்தான் சொன்னார், என்னைவிட நன்றாகச் சொன்னார்.

பேச்சியிடம் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் அப்படிக் கேட்டிருப்பேனாக்கா?" என்றாள். அன்றைக்கு எனக்கே தெரியாது என்றேன். இந்த எடுப்பில் அவளுக்குத்தான் காய் அதிகம். தராசில் சாக்கு ஏறியதும் கங்காணியை முந்திக்கொண்டு அவளே சொல்கிறாள், "இருபத்தொண்ணே கால்." நான் திருப்பிச் சொல்கிறேன், எழுதுகிறேன், அவள் எட்டிப் பார்க்கிறாள். 41 பேருக்கும் இப்படி முடிக்க இருபது நிமிஷம் கூடுதலாகிறது. முன்பெல்லாம் இருட்டுவதற்குள் மலை இறங்க வேண்டும் என்று என் கணவர் ஜீப்பில் இருந்து ஹாரன் அடிப்பார். இப்போது இறங்கி வந்து, எடை முடிகிற வரை சாக்கைப் பிடித்துத் தராசில் மாட்டிக்கொடுக்கிறார்.